கெப்ளர்-1625: தொலைதூர விண்மீன், அதன் கோள், உறுதியாகாத நிலா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் மொட்டைமாடி வானோக்கல் கூட்டங்களிலும் வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களைப் பற்றிப் பேசி முடித்தவுடன் எழும் கேள்விகளில் பாதியாவது இந்த ஒரு விண்மீனைப் பற்றியவையாகவே இருக்கின்றன. "வேறொரு சூரியனைச் சுற்றும் கோளுக்கு நிலா கண்டுபிடித்துவிட்டார்களாமே?" என்று ஒருவர் கேட்டால், "அது பொய்யென்று நிரூபித்துவிட்டார்களே!" என்று பின்வரிசையிலிருந்து இன்னொருவர் சொல்வார். இரண்டுமே சரியில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

கெப்ளர்-1625 என்பது கோளா, விண்மீனா, தொலைநோக்கியா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள்.

கெப்ளர் என்பது நாசா 2009 மார்ச் மாதத்தில் ஏவிய விண்வெளித் தொலைநோக்கியின் பெயர். 2018 அக்டோபரில் அதற்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. அது கண்காணித்த விண்மீன்களில், கோள் உண்டு என்று ஏற்கப்பட்டவற்றுக்கு வரிசை எண் கொடுக்கப்பட்டது. அப்படி எண் பெற்ற விண்மீன்களில் ஒன்றுதான் கெப்ளர்-1625. நம்மிடமிருந்து சுமார் 8,000 ஒளியாண்டு தொலைவில், அன்னம் எனப்படும் சிக்னஸ் விண்மீன் குழுவின் திசையில் இருக்கிறது. நிறையில் ஏறத்தாழ நம் சூரியனை ஒத்தது என்றாலும் வயதில் மூத்தது. முதுமையில் பருக்கத் தொடங்கிவிட்டதால் அதன் விட்டம் சூரியனைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு.

அதைச் சுற்றும் கோளின் பெயர் கெப்ளர்-1625 பி. 'ஏ' எங்கே போயிற்று என்று கேட்காதவர்கள் குறைவு. விண்மீனையே முதலாவதாகக் கொண்டு, கோள்களுக்கு 'பி'யிலிருந்து எழுத்துக் கொடுப்பது வழக்கம். வியாழன் அளவுள்ள இந்தக் கோள் தன் விண்மீனைச் சுற்றிவர 287 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. இது கோள்தான் என்பது 2016-இல் ஏற்கப்பட்டது. அதில் இப்போது சர்ச்சை இல்லை. சர்ச்சை முழுவதும் அதன் நிலாவைப் பற்றியது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நிலா இருக்கிறதா இல்லையா?

உறுதியாகவில்லை. இதுவரை கண்டறியப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் ஒன்றுக்குக்கூட உறுதிசெய்யப்பட்ட நிலா கிடையாது. ஆய்வாளர்கள் கெப்ளர்-1625 பி-யின் நிலாவை 'வேட்பாளர்' என்ற நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் நமக்கு நன்றாகவே பழக்கமானது: மனு ஏற்கப்பட்டிருக்கிறது, முடிவு அறிவிக்கப்படவில்லை.

செய்தியில் வண்ணப்படம் போட்டிருந்தார்களே? பெரிய கோள், பக்கத்தில் நீல நிலா. அதைப் படம் பிடித்துவிட்டு ஏன் சந்தேகப்பட வேண்டும்?

அது ஓவியர் கற்பனையாக வரைந்த படம். கோளையோ நிலாவையோ எவரும் படம் பிடிக்கவில்லை. இத்தனை தொலைவில் விண்மீனே ஓர் ஒளிப்புள்ளியாகத்தான் பதிவாகும். ஆய்வாளர்களின் கையில் இருப்பது ஒரு வரைபடம்: கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் விண்மீனின் ஒளி, நடுவில் சிதறிய புள்ளிகள். கூட்டங்களில் அந்த வரைபடத்தைக் காட்டும்போது பிள்ளைகளின் முகம் வாடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வழக்கு முழுவதும் அந்தப் புள்ளிகளில்தான் நடக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து அந்த விண்மீனைப் பார்க்க முடியுமா?

திசையைப் பார்க்கலாம், விண்மீனைப் பார்க்க முடியாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இருட்டிய பிறகு வடக்கு வானில் சிலுவை வடிவில் தெரிவது அன்னம் குழு. அதன் பளிச்சென்ற விண்மீன் டெனெப். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அது நன்றாகவே மேலேறித் தெரியும். கெப்ளர்-1625-இன் பொலிவெண் ஏறத்தாழ 16; ஒளி குறையக் குறைய இந்த எண் கூடும். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடவும் அது கிட்டத்தட்ட 10,000 மடங்கு மங்கல். வீட்டில் வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கிக்கு அது எட்டாது.

பார்க்கவே முடியாத கோளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் இடையே குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி சிறிதளவு குறையும். இதற்குக் கடப்பு என்று பெயர். 2012-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைச் சூரியக் கண்ணாடி வழியே பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

அளவுகளைக் காட்ட நான் பயன்படுத்துவது ஒரு தாம்பாளம், ஒரு ரூபாய் நாணயம், ஒரு காய்ந்த பட்டாணி. விண்மீன் 38 சென்டிமீட்டர் அகலமுள்ள தாம்பாளம் என்றால், கோள் ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயம். நெப்டியூன் அளவில் இருப்பதாகச் சொல்லப்படும் நிலா, எட்டு மில்லிமீட்டர் பட்டாணி. நாணயம் தாம்பாளத்துக்கு முன் வரும்போது மறைவது மொத்த ஒளியில் 1,000-இல் மூன்றரைப் பங்கு. பட்டாணி மறைப்பது 10,000-இல் நான்கைந்து பங்குதான். நாணயத்துக்கும் பட்டாணிக்கும் உள்ள தூரத்தையும் இதே அளவில் பார்த்தால் 47 சென்டிமீட்டர் வருகிறது. அதாவது, தாம்பாளத்தின் அகலத்தைவிட அதிகம். இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கோளின் மங்கல் புரிகிறது. நிலாவை அதிலிருந்து எப்படிப் பிரிப்பது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நேரடியானது: கோள் ஏற்படுத்தும் மங்கலுக்கு முன்னோ பின்னோ இன்னொரு சிறிய மங்கல் தெரிந்தால் அது நிலாவாக இருக்கலாம்.

இரண்டாவது, கோள் வந்து சேரும் நேரம். நிலா மட்டும் கோளைச் சுற்றுவதில்லை. இரண்டுமே தங்கள் பொது ஈர்ப்பு மையத்தைச் சுற்றுகின்றன. பூமிக்கும் நம் நிலாவுக்குமான மையம் பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், வெகுதொலைவிலிருந்து நம்மை யாராவது கவனித்தால் பூமியின் கடப்பு சில ஆண்டுகளில் இரண்டரை நிமிடம் வரை முந்தியும் சில ஆண்டுகளில் அந்த அளவு பிந்தியும் நிகழ்வதைக் காண்பார்கள். நிலாவைப் பார்க்காமலேயே அது இருப்பதை அவர்கள் ஊகித்துவிடலாம். பேருந்து ஒவ்வொரு நாளும் சிறிது முன்பின்னாக வருவதை வைத்து வழியில் ஏதோ இருக்கிறது என்று நாம் ஊகிப்பதைப் போன்றது இது. ஆனால் அந்த 'ஏதோ' நிலாதானா என்பது அடுத்த கேள்வி.

ஹப்பிள் உண்மையில் என்ன பார்த்தது?

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் டீச்சியும் டேவிட் கிப்பிங்கும் கெப்ளர் பதிவுசெய்த 284 கோள்களின் தரவுகளை நிலாவுக்காகத் துருவினார்கள். அவற்றுள் 1625 பி மட்டும் கவனத்தை ஈர்த்தது. ஆனால் கெப்ளரின் நான்காண்டுத் தரவில் இந்தக் கோளின் கடப்புகள் மூன்றே இருந்தன. அவற்றை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் கேட்டுப் பெற்றார்கள். 2017 அக்டோபர் 28, 29 தேதிகளில் ஹப்பிள் தொடர்ச்சியாகச் சுமார் 40 மணி நேரம் அந்த ஒரே விண்மீனைப் பார்த்தது.

எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 78 நிமிடம் முன்னதாகவே கோள் வந்துவிட்டது. சுமார் 19 மணி நேரம் விண்மீனைக் கடந்து வெளியேறியது. அது வெளியேறி மூன்றரை மணி நேரம் ஆன பிறகு இன்னொரு சிறிய மங்கல் தொடங்கியது. தாம்பாளத்தைக் கடந்து நாணயம் போனபின், பின்தங்கி வந்த பட்டாணி தாம்பாளத்தை மறைப்பதைப் போல. நாணயத்துக்கும் பட்டாணிக்கும் உள்ள தூரம் தாம்பாளத்தைவிட அதிகம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். நிலா பின்னால் வந்தால் கோள் சற்று முன்னால் இருக்க வேண்டும். கோளும் முன்னதாகவே வந்திருந்தது. இரண்டு துப்பும் ஒரே திசையைக் காட்டின.

அந்தச் சமயத்தில் ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது மங்கல் முடிந்து ஒளி பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்க்கும் முன்பே ஹப்பிள் வேறு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. முடிவுகள் 2018 அக்டோபரில் ஆய்விதழில் வெளிவந்தன. நிலா உண்டு என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. இந்தத் தரவுக்கு நிலாவே மிகப் பொருத்தமான விளக்கம் என்று மட்டும் எழுதினார்கள். தலைப்புச் செய்திகளில் அந்த நிதானம் காணாமல் போயிற்று.

இரண்டு துப்பும் கிடைத்துவிட்டதே, பிறகு என்ன சந்தேகம்?

ஹப்பிளின் அளவீடு கடையில் வாங்கிய பொட்டலம்போல் பிரித்தவுடன் பயன்படுத்தக்கூடியதன்று. அது பூமியைச் சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் பூமி குறுக்கே வந்து விண்மீனை மறைத்துவிடும். சூரிய வெப்பம் ஏறி இறங்குவதால் கருவி மிக நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கும். ஒளியுணரி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சற்றுக் குறைவாகப் பதிவுசெய்து, பிறகு நிதானத்துக்கு வரும். இவையெல்லாம் போதாதென்று, 40 மணி நேரம் முழுவதும் அளவீடு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும். இந்தக் கறைகளைக் கணக்குப் போட்டு நீக்கிய பிறகே விண்மீனின் உண்மையான ஒளி கிடைக்கும்.

அரிசியில் கல் பொறுக்குவதைப் போன்ற வேலை இது, ஆனால் கல்லும் அரிசியும் இங்கே ஒரே நிறம். நாம் தேடும் மங்கல் 10,000-இல் ஐந்து பங்கு. நீக்க வேண்டிய கறைகள் அதைவிடப் பெரியவை. அந்த நெடுஞ்சாய்வை நேர்கோடாகக் கொள்வதா, வளைகோடாகக் கொள்வதா என்பதைப் பொறுத்து நிலாவின் அளவே மாறிவிடுகிறது என்பதை டீச்சியும் கிப்பிங்குமே தங்கள் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதோடு, கெப்ளர் தரவைத் திருத்தப்பட்ட முறையில் மறுபடி பதப்படுத்தியபோது, முதலில் அந்தத் தரவில் தெரிந்த நிலாவின் அடையாளம் வெகுவாக மங்கிப்போயிற்று. அதையும் அவர்களே எழுதினார்கள். ஆக, பாரம் முழுவதும் ஹப்பிளின் அந்த இரண்டு நாட்களின் மேல்தான் விழுந்தது.

வேறு யாராவது அதே தரவைச் சரிபார்த்தார்களா?

பார்த்தார்கள். 2019-இல் லாரா கிரைட்பெர்க் தலைமையிலான குழு அதே ஹப்பிள் தரவைத் தங்கள் சொந்த முறையில் முதலிலிருந்து பதப்படுத்தியது. கோள் முன்கூட்டியே வந்தது அவர்களுக்கும் தெரிந்தது. இரண்டாவது மங்கல் தெரியவில்லை. அதே ஆண்டில் ரெனே ஹெல்லர் குழுவினரும் தரவை ஆராய்ந்து, நிலா என்ற விளக்கத்தைக் கட்டாயமாக ஏற்கவேண்டியதில்லை என்றார்கள்.

ஒரே தரவு, இரண்டு முடிவு. ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும் அல்லவா?

இந்தக் கேள்வியை ஒரு கல்லூரி மாணவி சற்றுக் கோபமாகவே கேட்டார். கணக்கில் பிழை என்று எவரும் காட்டவில்லை. டீச்சி 2020-இல் வெளியிட்ட கட்டுரையில் இரு குழுக்களின் பதப்படுத்தும் முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். வேறுபாடு துல்லியமாக எந்தப் படியில் நுழைகிறது என்று சொல்ல முடியவில்லை. படச்சட்டத்தில் எந்தப் படப்புள்ளிகளை எடுப்பது, எதைப் பின்னணி ஒளி என்று கழிப்பது போன்ற நூறு சிறு தீர்மானங்கள் சேர்ந்ததே இந்த வேலை.

என் கருத்தைக் கேட்டால், பதப்படுத்துபவரின் கை மாறியதும் மறைந்துபோகும் ஒரு மங்கலை நான் கண்டுபிடிப்புக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதே சமயம், தன் முடிவில் உள்ள ஓட்டைகளைத் தானே தேடிக் கட்டுரையாக எழுதிய ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சமூக ஊடகங்களில் எழுதுவது அநியாயம்.

நிலா இல்லையென்றால் கோள் ஏன் 78 நிமிடம் முன்னதாக வந்தது?

இது நல்ல கேள்வி. இந்த அம்சத்தை எல்லாக் குழுக்களும் ஏற்கின்றன. நமக்குத் தெரியாத இன்னொரு கோள் அந்த விண்மீனைச் சுற்றிக்கொண்டிருந்து, தன் ஈர்ப்பால் 1625 பி-யை இழுக்கலாம். அந்தக் கோளின் பாதை சற்றே சாய்ந்திருந்தால் அது விண்மீனைக் கடக்காது. கடப்பை மட்டும் நம்பும் கெப்ளருக்கு அது ஒருபோதும் தெரியவராது. நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டதே யுரேனஸின் பாதையில் இருந்த இத்தகைய முன்பின்னை வைத்துத்தான், 1846-இல். எனவே நேரமாற்றம் நிலாவுக்குத் துணைச்சான்றாகுமே தவிர, தனித்து நிற்கும் சான்றாகாது.

நெப்டியூன் அளவில் நிலாவா? அது கோள்தானே?

அளவைப் பார்த்து நிலா என்றோ கோள் என்றோ சொல்வதில்லை. எதைச் சுற்றுகிறது என்பதைப் பார்த்தே சொல்கிறோம். வியாழனின் நிலாவான கானிமீட், புதன் கோளைவிட விட்டத்தில் பெரியது. ஆயினும் இங்கே வியப்புக்கு இடமுண்டு. நம் சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய நிலாவான அந்தக் கானிமீட்டின் விட்டம் 5,268 கிலோமீட்டர். நெப்டியூனுடையது 49,500-ஐத் தாண்டும்.

ஒரு ஒப்பீடு இந்த வியப்பைச் சற்றுக் குறைக்கலாம். 2018 கட்டுரையின்படி நிலாவின் நிறை கோளின் நிறையில் சுமார் 1.5 விழுக்காடு, நம் நிலா பூமியின் நிறையில் 1.2 விழுக்காடு. விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கோளுக்கு வியாழனைப் போல் சில மடங்கு நிறை இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டதால், அதில் ஒன்றரை விழுக்காடே ஒரு நெப்டியூன் அளவுக்கு வந்துவிடுகிறது.

அவ்வளவு பெரிய நிலா எப்படித் தோன்றியிருக்கும்?

வியாழனின் பெரிய நிலாக்கள், அது உருவானபோது அதைச் சூழ்ந்திருந்த வாயு, தூசுத் தட்டில் உருவானவை. அப்படி உருவாகும் நிலாக்களின் மொத்த நிறை, கோளின் நிறையில் 10,000-இல் சில பங்குகளைத் தாண்டுவதில்லை; ஒன்றரை விழுக்காடு அதற்குள் அடங்காது. பூமியின் நிலாவைப்போல் மோதலில் சிதறிய பாறைகளிலிருந்து உருவானது என்றும் சொல்ல முடியாது, வாயுக்கோளில் மோதினால் பாறை தெறிக்க வழியில்லை. எஞ்சுவது பிடிபட்ட நிலா. நெப்டியூனின் டிரைட்டன் எதிர்த்திசையில் சுற்றுவதால் அது பிடிபட்டது என்று நம்பப்படுகிறது. அதைப்போல் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கோள் 1625 பி-யின் பிடியில் சிக்கியிருக்கலாம் என்று சிலர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நடக்கக்கூடியதுதான், ஆனால் அடிக்கடி நடக்கக்கூடியதன்று.

அங்கே உயிர் இருக்குமா?

நிலா இருந்தாலும் அது நெப்டியூனைப்போல் வாயு சூழ்ந்த உருண்டையாகவே இருக்கும். கால் வைக்கத் தரை கிடையாது. விண்மீன் பருத்துவிட்டதால் அங்கே விழும் ஒளியும் பூமியில் விழுவதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு.

2023-இல் 'பெரிய நிலாக்கள் இல்லை' என்று வந்ததே, அதோடு முடிந்துவிடவில்லையா?

ரெனே ஹெல்லரும் மைக்கேல் ஹிப்கேயும் 2023 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையைச் சொல்கிறீர்கள். அவர்கள் இரண்டு வேட்பாளர்களை ஆராய்ந்தார்கள். ஒன்று நம் 1625 பி-யின் நிலா. மற்றொன்று, கிப்பிங் குழு 70 குளிர்ந்த பெருங்கோள்களைத் துருவி 2022 ஜனவரியில் அறிவித்த கெப்ளர்-1708 பி-யின் நிலா. அது பூமியைப்போல் 2.6 மடங்கு ஆரம் உடையதாகச் சொல்லப்பட்டது.

அவர்களின் வாதத்தில் முக்கியமானது விளிம்பு மங்கல். எந்த விண்மீனின் வட்டமும் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் இருக்கும். நம் சூரியனின் படத்திலும் இதைக் காணலாம். இந்த வேறுபாடு எல்லா நிற ஒளியிலும் ஒரே அளவில் இருக்காது. கெப்ளர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும், ஹப்பிள் இந்த அவதானிப்பில் அகச்சிவப்பிலும் பார்த்தன. இரண்டின் விளிம்பு மங்கலையும் சரியாகக் கணக்கில் கொள்ளாவிட்டால் மிஞ்சும் வேறுபாடு நிலாவைப் போலத் தோன்றும் என்றார்கள். கிப்பிங் குழு இதை ஏற்காமல் எழுதிய மறுப்பு, ஹெல்லரின் கட்டுரை வந்த அதே ஆய்விதழில் 2025-இல் வந்தது. 'இருக்க வாய்ப்புக் குறைவு' என்று ஒரு தரப்பும், 'அப்படித் தள்ளிவிட முடியாது' என்று மறு தரப்பும் நிற்கின்றன.

வாதாடுவதை விட்டுவிட்டு மறுபடி ஒரு முறை பார்த்துவிட வேண்டியதுதானே?

287 நாட்களுக்கு ஒரு முறைதான் கடப்பு. அது நிகழும்போது கோளுக்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு நாட்கள் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டும். ஹப்பிள், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் நேரத்தைக் கேட்டு விண்ணப்பிப்பவர்கள் கிடைப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். பொலிவெண் 16 உள்ள மங்கலான விண்மீனுக்காக அத்தனை நேரத்தைச் செலவிட ஒதுக்கீட்டுக் குழுவைச் சம்மதிக்கவைப்பது எளிதன்று. நிலாவின் பாதை சாய்ந்திருந்தால் அந்த முறை அது விண்மீனுக்கு முன் வராமலேயே போகவும் கூடும்.

நிலா வேட்டை நின்றுவிடவில்லை, இலக்கு மாறியிருக்கிறது. 2024-இல் ஜேம்ஸ் வெப், வியாழனை ஒத்த கெப்ளர்-167 இ என்ற கோளின் கடப்பைச் சுமார் 60 மணி நேரம் பார்த்தது. இன்னொரு பக்கம், பிடிஎஸ் 70 என்ற இளம் விண்மீனின் கோளொன்றைச் சூழ்ந்துள்ள, நிலாக்கள் உருவாகக்கூடிய தூசுத் தட்டை சிலியில் உள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கிகள் 2021-இல் தெளிவாகக் காட்டின.

இத்தனை எண்களுக்குப் பதிலாக ஒரு நல்ல பெயர் வைக்கக் கூடாதா?

வைக்கலாம், ஆனால் அனைத்துலக வானியல் ஒன்றியம் ஏற்க வேண்டும். 2019-இல் அது நாடுகளிடம் பெயர் கேட்டபோது, எச்டி 86081 என்ற விண்மீனுக்கு இந்தியா 'பிபா' என்றும் அதன் கோளுக்குச் 'சந்தமசா' என்றும் பெயரிட்டது. கெப்ளர்-1625 அந்தப் பட்டியலில் இல்லை.

எது கிடைத்தால் நீங்கள் நம்புவீர்கள்?

அடுத்தடுத்த இரண்டு கடப்புகளில் நிலாவின் மங்கல் தெரிய வேண்டும். முதல் கடப்பை வைத்து, அடுத்த முறை நிலா கோளுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா, எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கத்தில் மங்கல் விழ வேண்டும். அந்தத் தரவைக் கிரைட்பெர்க் குழுவைப்போல் தொடர்பில்லாத ஒருவர் தம் முறையில் பதப்படுத்தினாலும் அது மறையாமல் இருக்க வேண்டும்.